3 மாசத்துக்கு பெங்களூர் போறீங்களா? வாடகையைப் பார்க்காதீங்க, மொத்தச் செலவைப் பாருங்க!



"சார், திடீர்னு பெங்களூர் ப்ராஜெக்ட்ல போட்டுட்டாங்க. 3 மாசம்தான். வீடு 20,000 ரூபாய்க்குக் கிடைக்குது. சர்வீஸ் அப்பார்ட்மென்ட் 35,000 சொல்றாங்க. வீடே எடுத்துடலாமா?"

இந்த மாதிரி கேள்வி அடிக்கடி வருது. பார்த்தவுடனே 20,000 தான் லாபம்னு தோணும். நானும் ஒரு காலத்துல அப்படித்தான் நினைச்சேன்.

சி.ஏ. முடிச்ச புதுசுல 4 மாச ஆடிட் வேலைக்காக பெங்களூர் போனேன். வாடகை 18,000, அட்வான்ஸ் 5 மாச வாடகை, அதாவது 90,000. அதுல பாதி அப்பா கொடுத்த பணம். காலி பண்ணும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகை, முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்கலைன்னு இன்னொரு மாச வாடகை கழிச்சாங்க. கைக்கு வந்தது 54,000. ஓனரைக் குறை சொல்ல முடியாது, ரெண்டுமே அக்ரிமென்ட்ல இருந்துச்சு. ஊரார் கணக்கையெல்லாம் வரி வரியா பார்க்கிற நான், நான் கையெழுத்துப் போட்ட பேப்பரைப் படிக்கல!

உண்மையான கணக்கு

உங்க 20,000 ரூபாய் வீட்டையே எடுத்துக்குவோம். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்க நம்பரைப் போட்டுப் பாருங்க.

மாசாமாசம் ஆகும் செலவு:
- வாடகை: 20,000
- மெயின்டனன்ஸ்: 2,500
- கட்டில், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் வாடகை: 3,500
- கரன்ட், வைஃபை: 2,000
- மொத்தம்: 28,000

ஒரே தடவை ஆகும், திரும்பி வராத செலவு:
- புரோக்கர் கமிஷன்: 20,000
- காலி பண்ணும்போது பெயின்டிங்: 20,000
- அக்ரிமென்ட், சாமான் ஏத்தி இறக்குறது: 2,000
- மொத்தம்: 42,000

3 மாசத்துக்கு 84,000 + 42,000 = 1,26,000. அதாவது மாசம் 42,000! எல்லாம் சேர்ந்த சர்வீஸ் அப்பார்ட்மென்ட்ல 3 மாசத்துக்கு 1,05,000 தான். "விலை அதிகம்"னு ஒதுக்குன இடத்துல 21,000 ரூபாய் மிச்சம்.

அப்போ எத்தனை மாசம் தங்கினா வீடு லாபம்? திரும்பி வராத செலவை, ரெண்டு இடத்துக்கும் உள்ள மாச வித்தியாசத்தால வகுங்க. 42,000 ÷ 7,000 = 6. ஆறு மாசத்துக்கு மேல தங்கினாத்தான் வீடு கட்டுப்படியாகும். இந்த ஒரு வகுத்தல் கணக்கை மட்டும் மறக்காதீங்க.

இதுல அட்வான்ஸை நான் சேர்க்கவே இல்ல. பெங்களூர்ல ஒரு காலத்துல 10 மாச வாடகை அட்வான்ஸ் சாதாரணம். இன்னைக்கும் 5, 6 மாசம் கேட்கிற ஓனர்கள் உண்டு. அந்த ஒரு லட்சத்தை பர்சனல் லோன் போட்டுக் கொடுத்தா, வட்டியும் உங்க செலவுதான். எமர்ஜென்சி ஃபண்டை எடுத்துக் கொடுத்தா, அந்த 3 மாசத்துல ஒரு ஆஸ்பத்திரி செலவு வந்தா கையில பணம் இருக்காது.

அக்ரிமென்ட்ல பார்க்க வேண்டியது

ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு பண்ணணும்னு 1908 பதிவுச் சட்டம் சொல்லுது. அதனாலதான் எல்லா இடத்துலயும் 11 மாச அக்ரிமென்ட். 11 மாசம்ங்கிறது பிரச்சினை இல்ல. இந்த நாலு வரிதான் பிரச்சினை:

1. லாக்-இன்: 6 மாசம்னு இருந்தா, 3 மாசத்துல கிளம்பினாலும் மீதி வாடகையைக் கேட்பாங்க.
2. நோட்டீஸ்: ஒரு மாசமா, ரெண்டு மாசமா? 3 மாசம்தான் தங்குறீங்கன்னா, குடி போன கொஞ்ச நாள்லயே நோட்டீஸ் கொடுக்க வேண்டி வரும்.
3. பெயின்டிங், க்ளீனிங்: எவ்வளவு பிடிப்பாங்கன்னு தொகையாவே எழுதச் சொல்லுங்க.
4. அட்வான்ஸ்: சாவி கொடுத்த எத்தனை நாள்ல திரும்ப வரும்? தேதி இல்லாத வாக்குறுதியை நம்பாதீங்க.

குடி போற அன்னைக்கே வீடு முழுக்க வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. அட்வான்ஸை பேங்க் மூலமா மட்டும் கொடுங்க.

வேற வழி இருக்கா?

இருக்கு. பிடிஎம், எச்எஸ்ஆர், மாரத்தஹள்ளி பக்கமெல்லாம் பிஜி நிறைய. இன்னொரு வழி, ஏற்கெனவே நண்பர்கள் சேர்ந்து எடுத்த வீட்ல ஒருத்தர் காலி பண்ற ரூமுக்குப் போறது. கட்டில், ஃப்ரிட்ஜ் எல்லாம் அங்கேயே இருக்கும். ஆனா ஓனர் சம்மதத்தை எழுத்துல வாங்காம பணம் கொடுக்காதீங்க.

பிஜி பில்லுல ஜிஎஸ்டி போட்டா ஒரு கேள்வி கேளுங்க. ஒருத்தருக்கு மாசம் 20,000 ரூபாய்க்குள்ள இருந்து, தொடர்ந்து 90 நாளாவது தங்கினா, 2024 ஜூலை 15 முதல் ஜிஎஸ்டி விலக்கு இருக்கு. 3 மாசம் போறவங்க நாள் கணக்கை எண்ணிப் பாருங்க. 88 நாள்னா விலக்கு போச்சு!

இன்னொண்ணு, எச்ஆர்ஏ சலுகை பழைய வரி முறையில மட்டும்தான். புதிய முறையில இருந்தா, வாடகை ரசீதை வச்சு வரி மிச்சம் பண்ண முடியாது. அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே தங்கும் செலவை கம்பெனி ஏத்துக்குமான்னு எச்ஆர்கிட்ட மெயில்ல கேட்டுடுங்க. கேட்கக் கூச்சப்பட்டா நஷ்டம் உங்களுக்குத்தான்.

கடைசியா ஒரு எச்சரிக்கை

"நான் ராணுவத்துல இருக்கேன், வேற ஊர்ல போஸ்டிங், டோக்கன் அட்வான்ஸ் அனுப்புங்க, சாவி வரும்"னு யாராவது சொன்னா போனை வச்சிடுங்க. வீட்டை நேர்ல பார்க்காம ஒரு ரூபாய் கூட அனுப்பாதீங்க. பணம் வாங்குறதுக்கு யுபிஐ பின் தேவையே இல்ல. பின் போடச் சொன்னா அது மோசடிதான். ஏமாந்துட்டா தாமதிக்காம 1930-க்குப் போன் பண்ணுங்க.

முதல் ஒரு வாரத்துக்கு ஏதாவது ஒரு பிஜியில தங்கிட்டு, ஆபீஸ் முடிஞ்சு நேர்ல போய்ப் பார்த்து முடிவு பண்ணுங்க. ஒரு வார வாடகை போனா போகட்டும். அவசரத்துல போட்ட கையெழுத்துக்கு நான் கொடுத்த விலை 36,000 ரூபாய்!