மூன்று அங்குலப் பாதம்

சீனாவின் ஹெபெய் மாகாணத்தில் அக்காலத்தில் திங்சியான் என்று அழைக்கப்பட்ட வட்டாரம் இருக்கிறது. அங்குள்ள குடும்பங்களைப் பற்றிய கணக்கெடுப்பை ஆராய்ந்த சிட்னி கேம்பிள் என்ற அமெரிக்கருக்கு வியப்பான ஒரு விவரம் கிடைத்தது. 1890க்கு முன் பிறந்த பெண்களில் 99.2 சதவீதம் பேருக்குப் பாதம் கட்டப்பட்டிருந்தது. 1919க்குப் பிறகு பிறந்தவர்களில் ஒருத்திக்குக்கூட இல்லை. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுப் பழக்கம் ஒரே தலைமுறையில் ஒழிந்துபோயிருக்கிறது.

அது லேசான பழக்கமும் அல்ல. ஐந்தாறு வயதுச் சிறுமியின் பாதத்தை வெந்நீரில் ஊறவைத்து, பெருவிரலை மட்டும் விட்டுவிட்டு மற்ற நான்கு விரல்களையும் உள்ளங்காலுக்கு அடியில் மடக்கி, நீளமான துணியால் இறுக்கிச் சுற்றுவார்கள். சில நாளுக்கொரு முறை அவிழ்த்து இன்னும் இறுக்குவார்கள். விரல் எலும்பு முறியும், பாதத்தின் வளைவு மேலெழும்பி ஒடுங்கும். மூன்று அங்குலத்தில் அடங்கிவிட்டால் அது ‘பொற்றாமரை’. பெரும்பாலும் கட்டிவிட்டவள் பெற்ற தாய்தான்.

தடுக்க ஆள் இல்லாமல் இல்லை. சீனாவை ஆண்ட மஞ்சூ அரசர்கள் 1660களிலேயே தடை போட்டார்கள். சில ஆண்டுகளில் அவர்களே அதைக் கைவிட நேர்ந்தது. காரணத்தை ஜெரி மேக்கி என்ற ஆய்வாளர் 1996இல் அழகாக எடுத்துச் சொன்னார். எல்லா மாப்பிள்ளை வீட்டாரும் சின்னக் காலையே கேட்கும் ஊரில், கட்டாமல் விட்ட தாய் மகளின் கல்யாணத்தையே பணயம் வைக்கிறாள். பழக்கம் கொடுமை என்று ஊரில் எல்லோரும் உள்ளுக்குள் ஒத்துக்கொண்டாலும் முதலில் நிறுத்துபவளுக்கே நஷ்டம். அறிவுரையோ அரசாணையோ இந்தக் கணக்கைத் தொடவில்லை.

தொட்டது ஓர் உறுதிமொழி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிறிஸ்தவ மிஷனரிகளும் காங் யூவெய் போன்ற சீனச் சீர்திருத்தவாதிகளும் சங்கங்கள் அமைத்தார்கள். ‘என் மகளுக்குக் கால் கட்டமாட்டேன்’ என்பது உறுதிமொழியின் ஒரு பாதி. ‘கால் கட்டிய பெண்ணை என் மகனுக்கு எடுக்கமாட்டேன்’ என்பது மறுபாதி. சூட்சுமம் இந்த மறுபாதியில்தான். சங்கத்தில் சேர்ந்த நாளிலேயே மகளுக்கு மாப்பிள்ளைகளும் தயார். பாதிப்பேர் சேரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. தங்களுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கப் போதுமான குடும்பங்கள் இருந்தால் போதும். அதன் பின் ஒவ்வொரு புது உறுப்பினரும் அடுத்தவருக்குத் தயக்கத்தைக் குறைக்கிறார்.

ஆனால் எந்தச் சங்கமும் எட்டிப் பார்க்காத கிராமங்களிலும் பழக்கம் ஒழிந்ததே, எப்படி? லாரல் போஸன், ஹில் கேட்ஸ் என்ற இரு மானுடவியலாளர்கள், பாதம் கட்டப்பட்ட கடைசித் தலைமுறைப் பாட்டிகளைத் தேடிப்போய், சிறுவயதில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார்கள். நூற்றோம், நெய்தோம் என்று பலரும் சொன்னார்கள். கால் கட்டப்பட்ட சிறுமி ஓடி விளையாட முடியாது. உட்கார்ந்த இடத்தில் வீட்டுக்குச் சம்பாதித்துத் தருவாள். ஆலை நூலும் ஆலைத் துணியும் சந்தைக்கு வந்ததும் அந்தக் கைவேலைக்கு மதிப்பு இல்லாமல் போயிற்று. அவளை உட்காரவைப்பதில் லாபமும் போயிற்று.

இரண்டு விளக்கங்களில் ஒன்றைத் தள்ளத் தேவையில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பழக்கத்தின் அடியில் இருந்த வரும்படியை ஆலை அரித்தது; கல்யாணப் பயத்தை உறுதிமொழி உடைத்தது.

இடையில் மாட்டிக்கொண்டவர்கள் ஏற்கெனவே கால் கட்டியிருந்த பெண்கள். பின்னாளில் அதிகாரிகள் வீடு வீடாக வந்து கட்டை அவிழ்க்கச் சொன்னார்கள், அபராதம் போட்டார்கள். மடங்கி இறுகிவிட்ட எலும்புக்கு அவிழ்ப்பதும் வலிதான். சோதனைக்காரர் தலை மறைந்ததும் பலர் துணியை எடுத்து மறுபடி சுற்றிக்கொண்டார்கள்.