தட்டை அடியா, வி அடியா?

பந்தல்குடியில் மழை ஏமாத்தாத வருஷத்துல கண்மாய் நிறையும். நமக்கும் தண்ணிக்கும் உறவு அவ்வளவுதான். ஆனா டொரண்டோவில் இருக்கும் அத்தை மகன் கோடையில் மீன் பிடிக்க, மோட்டார் மாட்டிய பழைய அலுமினியப் படகு ஒன்று வாங்கப் போறான். "எதையாச்சும் நோண்டிப் படிக்கிற ஆளாச்சே மாப்ள, எதை வாங்கலாம் சொல்லு"ன்னு ரெண்டு விளம்பரம் அனுப்பினான். ரெண்டும் 14 அடி நீளம், விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்றுக்கு அடிப்பகுதி தட்டை. அங்கே ஜான் போட் என்பார்கள். இன்னொன்றுக்கு 'வி' வடிவம். அவனோடு ரெண்டு சின்னப் பிள்ளைகளும் ஏறும் என்பதால் நாலு நாள் உட்கார்ந்து படித்தேன்.

தட்டை அடிக்குக் கணக்கு சுலபம். தண்ணீரில் படும் பகுதி 3.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். படகு, மோட்டார், ஆட்கள் சேர்த்து 350 கிலோ. அப்போ 350 லிட்டர் தண்ணீரை விலக்கணும், 10 செ.மீ. இறங்கினாலே போதும். முழங்கால் தண்ணியிலும் போகும். எழுந்து நின்னு தூண்டில் போட்டாலும் சட்டுனு சாயாது. ஒகேனக்கல் பரிசல் மாதிரின்னு வச்சுக்கோங்க.

ஆனா பரிசலை யாரும் மூக்கையூர் கடலுக்கு எடுத்துட்டுப் போறதில்லையே! அமைதியான தண்ணியில் உதவுற அதே தட்டை அடி, அலை வந்தா எதிரியாகிடும். அலையின் சரிவுக்கு ஏற்ப படகும் சேர்ந்து சாயும். வேகமாப் போனா அகலமான அடி மொத்தமும் ஒரே நேரத்துல தண்ணியில 'டம் டம்'னு அறையும். மழுங்கின முன்பக்கம் வழியா அலை உள்ளே ஏறும். வி அடி அலையைப் பிளந்து போகும். அதுக்கு விலையும் உண்டு: கொஞ்சம் ஆழமா இறங்கும், நிற்கும்போது ஒரு பக்கம் எல்லாரும் நகர்ந்தா ஆடும்.

அவன் போக நினைப்பது ரெண்டு ஏரிகள். ஸ்குகாக் ஆழமில்லாத, பாசி மண்டிய ஏரி. அங்கே மட்டும்னா தட்டை அடியே சிறந்தது. சிம்கோ 700 சதுர கி.மீ.க்கு மேல். காற்று கிளம்பினால் அது ஏரி மாதிரியே இருக்காது. குளிர்காலத்தில் உறைகிற ஏரி. வசந்தத்தில் விழுந்தால் நீச்சல் தெரிந்தவனுக்கும் குளிரில் கை கால் மரத்துவிடும். போகிற தண்ணியில் எது மோசமோ, அதுக்குத்தானே படகு? வி அடியை வாங்குன்னு சொல்லிட்டேன். லைஃப் ஜாக்கெட் படகில் கிடந்தா போதாது, மூணு பேரும் மாட்டியிருக்கணும்னும் சொன்னேன்.

பழைய படகு என்பதால் ரெண்டு சோதனை. டிரெய்லரில் இருக்கும்போதே உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் எந்த ரிவெட் ஒழுகுதுன்னு வெளியே தெரிஞ்சிடும். மோட்டார் மாட்டும் பின்பலகை உள்ளே பெரும்பாலும் பிளைவுட். மோட்டாரின் கீழ்ப்பகுதியைப் பிடித்து ஆட்டும்போது பலகை நெளிந்தால் மரம் உளுத்திருக்கு. அதை மாற்றும்போது செம்பு கலந்த மருந்து ஏற்றிய பிளைவுட்டைப் போடக் கூடாது; ஈரத்தில் செம்பு அலுமினியத்தை அரித்துவிடும்.

கனடாவில் மோட்டார் எவ்வளவு சின்னதா இருந்தாலும் ஓட்டுபவருக்குத் தகுதிச் சான்று வேணும். 10 குதிரைத்திறனும் அதுக்கு மேலும் என்றால் படகுக்கும் உரிம எண். விளம்பரத்தில் 9.9ன்னு ஏன் போட்டிருக்குன்னு கேட்டான். அந்த வரம்புக்குக் கீழேதான் இருக்கு. சான்றுக்குப் பரீட்சை எழுதிட்டு, ஞாயிற்றுக்கிழமை பின்பலகையை ஆட்டிப் பார்க்கப் போறான்.