எல்லைப்புறமும் துப்பறியும் நாவலும்: கெடா தோட்டங்களை முன்வைத்துச் சில கருத்துகள்

துப்பறியும் நாவல் தமிழுக்குப் புதியதன்று. பண்டித ச.ம. நடேச சாஸ்திரியாரின் 'தானவன்' 1894-ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. ஜே.ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' 1908-இல் தோன்றித் துப்பறியும் கோவிந்தனை வீடுதோறும் அறிமுகம் செய்தது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார், தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ், வசந்த் என இம்மரபு தொடர்ந்து வளர்ந்தது. தமிழகத்திலிருந்து வந்த இத்தகைய நாவல்களை மலேசியத் தமிழர் விரும்பியே படித்துள்ளனர். ஆயினும், இம்மண்ணில் எழுதப்பட்டுப் பெயர் நிலைத்த நாவல்களுள் துப்பறியும் நாவல் அரிதாகவே காணப்படுகிறது. வாசகர் இருந்தும் வகைமை வேரூன்றாமைக்குக் காரணம் என்ன என்னும் வினாவைக் கெடா மாநிலத்தின் தோட்டப்புறத்தை முன்வைத்து ஆராய முற்படுகிறோம்.

மேலைநாட்டுத் துப்பறியும் நாவலாசிரியர்கள் பெரிதும் விரும்பிய களம், வெளியார் எளிதில் நுழைய இயலாத ஒரு வட்டம். அகதா கிறிஸ்டி ஒரு தீவையும் பனியில் சிக்கிய ஒரு தொடர்வண்டியையும் அவ்வாறு பயன்படுத்தினார். ரப்பர்த் தோட்டம் அவற்றிற்குச் சிறிதும் குறைந்த களமன்று. துரை பங்களா, கிராணி வீடு, லயம், ஆயாக் கொட்டகை, கோயில், கள்ளுக்கடை என அனைத்தும் ஒரே எல்லைக்குள் அமைந்தவை. ஒவ்வொரு விடியலிலும் பெரட்டில் ஆள் எண்ணப்பட்டது. வராதவர் பெயர் செக்ரோலில் தெரிந்துவிடும். ஒருவர் காணாமற்போன நாளையும் நேரத்தையும் இதனினும் துல்லியமாகக் காட்டும் சான்று ஒரு துப்பறிவாளருக்குக் கிடைத்தல் அரிது.

களம் இவ்வாறு பொருந்தியிருந்தும் கதை பிறக்கவில்லை. இவ்வகை நாவலுக்குக் குற்றமும் களமும் மட்டும் போதா. விசாரிப்பவர் உண்மையை வெளிக்கொணர்வார், வெளிவந்த உண்மைக்குப் பயன் விளையும் என்னும் நம்பிக்கையும் வேண்டும். தோட்டத்தில் விசாரிக்கும் அதிகாரம் துரையிடமும் அவருக்குக் கீழிருந்த கிராணியிடமும் குவிந்திருந்தது. குற்றம் சாட்டப்பட வேண்டியவரும் பல வேளைகளில் அவர்களாகவே இருந்தனர். இன்னொன்றும் உண்டு. பலகைச் சுவர் ஒன்றே இடையில் நிற்கும் லயத்தில் 'யார் செய்தது' என்பது பெரும்பாலும் புதிராக இராது. யார் வாய் திறப்பது என்பதே அங்குச் சிக்கல். அனைவரும் அறிந்ததைக் கடைசி அத்தியாயத்தில் வெளியிடும் துப்பறிவாளருக்கு அங்கு வேலை இல்லை.

கெடாவின் வரலாறு இதற்குச் சான்று தருகிறது. 1947-இல் பீடோங் வட்டாரத்தில், ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம். சாமியின் தலைமையில் இயங்கிய தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராகக் கிளர்ந்தது. அவ்வாண்டு கெடா தோட்டங்களில் எழுந்த கொந்தளிப்பில் காவல் துறையினரின் நடவடிக்கையால் தொழிலாளர் உயிரிழந்தனர். அம்மரணங்களில் மர்மம் ஏதும் இல்லை. பட்டப்பகலில், பலர் கண்முன் நிகழ்ந்தவை அவை. அவற்றை எழுதும் நாவலாசிரியர் துப்பறியும் வடிவத்தை நாடுவதற்குக் காரணமே இல்லை.

எனினும், கெடாவின் வடக்கே செல்லச் செல்ல வேறொரு புதிர் எதிர்ப்படுகிறது. அதுவே நம் கவனத்திற்கு மிகவும் உரியது. இன்றைய எல்லைக்கோடு 1909-ஆம் ஆண்டின் ஆங்கில-சயாம் உடன்படிக்கையால் வரையப்பட்டது. அதுவரை சயாமின் மேலாண்மையில் இருந்த கெடா, பிரிட்டிஷாரின் கைக்கு மாறியது. 1941 டிசம்பரில் அக்கோட்டைக் கடந்து வந்த ஜப்பானியப் படை சித்ராவில் பிரிட்டிஷ் படையை முறியடித்தது. அடுத்த ஈராண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். பெர்லிஸ் மாநிலத்துப் பாடாங் பெசாரைக் கடந்து சயாமின் பான் போங் வரை தொடர்வண்டி அவர்களைச் சுமந்து சென்றது. வாந்திபேதி, மலேரியா, பட்டினி ஆகியவற்றால் மாண்டோர் ஒருபுறமிருக்க, போருக்குப் பிந்தைய கணக்குகள் ஆயிரக்கணக்கானோரை 'ஓடிப்போனோர்' எனக் குறித்தன. காட்டிற்குள் ஓடியவர் வீடு வந்து சேர்ந்தாரா, வழியில் மடிந்தாரா என்பதை அச்சொல் உரைப்பதில்லை. பாதை நிறைவுற்ற 1943 அக்டோபர் மாதத்திலேயே கெடாவும் ஜப்பானியரால் சயாமின் ஆட்சிக்கு மாற்றப்பட்டது. சயாமுக்குச் சென்று திரும்பாத கணவனை எதிர்பார்த்துக் கெடா லயத்தில் காத்திருந்த பெண்ணும் அன்றுமுதல் சயாமின் ஆட்சிக்கு உட்பட்டாள்!

இந்நிகழ்வைப் பொருளாகக் கொண்ட ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' (1993), அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' (2005) ஆகிய நாவல்களைத் துப்பறியும் நாவல்கள் என்று எவரும் கூறார், நாமும் கூறவில்லை. ஆயினும் துப்பறியும் நாவலின் அடிப்படைச் செயல் இவற்றுள் நிகழ்கிறது என்பது நம் கருத்து. வழக்கமான துப்பறியும் கதையில் முதலில் உடல் கிடைக்கிறது. கொலையாளி யார் என்பது பின்னர்த் தெரியவருகிறது. இங்கோ, கொடுமை இழைத்தவர் யார் என்பதை நூலைத் திறக்கும் முன்பே வாசகர் அறிவார். உடல்தான் கிடைப்பதில்லை. 'யார்' என்னும் வினா மறைந்து 'எங்கே', 'எத்தனை பேர்' என்னும் வினாக்கள் எழுகின்றன. காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக உள்ளன. தமிழ்த் தொழிலாளர்க்கு அத்தகைய கல்லறைகள் இல்லை. ரெங்கசாமி தம் நாவலுக்குச் சூட்டிய தலைப்பை இந்நிலையோடு சேர்த்துப் படித்தல் வேண்டும்.

இவ்வகைப் புதிர் போர்க்காலத்தோடு முடிந்துவிடவும் இல்லை. 2015 மே மாதம், கெடாவை அடுத்த பெர்லிஸ் மாநிலத்து வாங் கெலியான் எல்லைக்காட்டில் 28 ஆட்கடத்தல் முகாம்களும் 139 புதைகுழிகளும் கண்டுபிடிக்கப்பட்டதாகக் காவல் துறை அறிவித்தது. 2019-இல் அரச விசாரணை ஆணையம் அது குறித்து விசாரித்தது. அங்குக் கடத்தி வைக்கப்பட்டோர் ரோஹிங்கியரும் வங்காளதேசத்தவருமாவர், தமிழர் அல்லர். ஆயினும், எல்லைக்காடு பெயரற்ற உடல்களை மறைத்துவைத்த முறையில் ஓர் ஒப்புமை தெரிகிறது. எழுதப்பட வேண்டிய எல்லைப்புற மர்ம நாவல் ஒன்று இங்குக் காத்திருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

கெடா எழுத்தாளரிடம் அதற்கான ஆற்றல் இல்லாமலில்லை. சுங்கைப் பட்டாணியைச் சேர்ந்த சீ. முத்துசாமி 'மண்புழுக்கள்' நாவலில் தோட்டத்துப் பேச்சுமொழியைக் கதை சொல்லும் மொழியாகவே கையாண்டார். துப்பறியும் நாவலில் வாக்குமூலமே உயிர். லயத்து மனிதர் தம் சொந்த மொழியில் வாக்குமூலம் அளிக்கக்கூடிய நடையை அவர் உருவாக்கிவிட்டார். அதே ஊரைச் சேர்ந்த கே. பாலமுருகன் 'மர்மக் குகையும் ஓர் இரகசியமும்' என்னும் சிறுவர் மர்ம நாவலை எழுதியுள்ளார். மர்மக் கதை சிறுவர் இலக்கியத்தின் வழியாக இங்கு நுழைந்திருப்பது தற்செயலானதன்று. பெரியோர் அஞ்சிக் கேளாத வினாவைச் சிறுவர் கேட்டுவிடுவர்; அவர்களுக்குத் துரையும் கிராணியும் ஒரு பொருட்டல்லர்.

வகுப்பறையில் மர்மக் கதையைப் பொழுதுபோக்கு எனத் தள்ளும் வழக்கம் நம்மிடையே இன்னும் உண்டு. இடைநிலைப்பள்ளி மாணவரிடம் 'சயாம் மரண ரயில்' நாவலின் ஒரு பகுதியைக் கொடுத்து, அதில் வரும் ஒரு மனிதர் எந்நாளில் பெரட்டுக்கு வரவில்லை, அவரைக் கடைசியாகக் கண்டவர் யார், அவருடைய பெயர் எந்த ஏட்டில் எஞ்சியிருக்கும் என்று கேட்டுப் பார்க்கலாம். விடைக்காக மாணவர் முதலில் அணுகக்கூடியவர், தம் வீட்டிலேயே இருக்கும் பாட்டியாகவும் இருக்கக்கூடும்.