நரியின் மூக்குக்கு ஒரு பொய்ச் செய்தி

வட அமெரிக்காவில் பொறி வைத்து நரி பிடிப்பவர்களின் பழைய கலவைக் குறிப்புகளில் வினோதமான சரக்குகள் வரும். பீவர் என்னும் விலங்கின் வாலடியில் இருக்கும் பைகளிலிருந்து எடுத்த பிசின், ஸ்கங்க் என்னும் விலங்கு எதிரியின் மேல் பீச்சும் நாற்ற நீர், வெயிலில் வைத்து அழுகவிட்ட மீனின் எண்ணெய், வலேரியன் வேர், சோம்பு எண்ணெய். இந்த வரிசையில் நமக்கு மிகவும் வேண்டிய ஒரு பெயரும் இருக்கிறது: பெருங்காயம். ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்து மலைச்சரிவுகளில் வளரும் பெரூலா செடியின் வேர்ப்பால்தான் அது. நம் சாம்பாருக்குப் போகிற அதே சரக்கு, வட அமெரிக்காவில் செந்நரிக்கும் கயோட்டிக்கும் வீசும் வலையில் ஓர் இழை. அதிலுள்ள கந்தகச் சேர்மங்களின் வாடை காற்றில் வெகுதூரம் போகும், மண்ணில் பல நாள் நிற்கும்.

கயோட்டி என்பது ஓநாயைவிடச் சிறிய, நாய்க் குடும்பத்து விலங்கு. ஆடு வளர்ப்பவர்களுக்கு அது பரம எதிரி. இரைகொல்லி விலங்குகளை ஒழிக்க அமெரிக்க நாடாளுமன்றம் 1915-இல் பணம் ஒதுக்கியது. அதிலிருந்து துப்பாக்கி, விஷம், பொறி என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்ட கயோட்டி, குறைவதற்குப் பதில் கண்டம் முழுக்கப் பரவிவிட்டது. அதை ஏமாற்றுவது அவ்வளவு எளிதல்ல.

பசித்த விலங்கு இறைச்சி வாடைக்கு வந்து மாட்டிக்கொள்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. வேட்டைக்காரர் புட்டியில் வைத்திருக்கும் வாடைக் கலவையை உணவு என்பதைவிடக் கள்ளக் கடிதம் என்பதே பொருந்தும். இந்த வழியே யார் போனார், ஆணா பெண்ணா, எதையாவது புதைத்துவிட்டுப் போனாரா என்பதையெல்லாம் நரிகள் ஒன்றுக்கொன்று சிறுநீராலும் சுரப்பி நீராலும் எழுதி வைக்கின்றன. அந்தக் கையெழுத்தைத்தான் மனிதன் போலியாகப் போடுகிறான்.

படிக்கிற மூக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மணங்களை உணரும் ஏற்பிகளுக்கான மரபணுக்கள் மனிதனிடம் சுமார் 400 வேலை செய்கின்றன. நாயிடம் சுமார் 800. எண்ணிக்கையைவிட அமைப்பு இன்னும் வியப்பானது. நாய் உள்ளிழுக்கும் காற்றில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு தனிப் பாதையில் பிரிந்து, மோப்பத்துக்கென்றே இருக்கும் பின்னறைக்குப் போகிறது. மீதிக் காற்று நுரையீரலுக்கு. வெளிவிடும் மூச்சு மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியே வெளியேறுவதால், முகர்ந்துகொண்டிருக்கும் வாடை கலைந்து போவதில்லை. மேலண்ணத்தில் திறக்கும் ஜேகப்சன் உறுப்பு வேறு இருக்கிறது. சிறுநீரில் கலந்த சேதிகளைப் படிப்பதில் அதற்கும் பங்கு உண்டு. செந்நரியும் கயோட்டியும் இதே குடும்பம்.

இந்த மூக்குக்காக வைக்கும் பொறிகளில் மிகப் பழக்கமானது குழிப்பொறி. சாய்வாக ஒரு சிறு குழி தோண்டி, அடியில் கொஞ்சம் மட்கிய இறைச்சி, வாயில் சில துளி வாடைக் கலவை. குழிக்கு முன்னால், சலித்த மண்ணுக்கடியில், காலைக் கவ்வும் இரும்புப் பொறி. வேறொரு நரி தன் இரையைப் புதைத்துவிட்டுப் போன இடம் போல அது தோன்ற வேண்டும். நரிகளுக்கு அப்படிப் புதைக்கும் பழக்கம் உண்டு, அடுத்தவர் புதையலைத் திருடும் பழக்கமும் உண்டு. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, குழியை முகரும் நரியின் முன்கால் எங்கே ஊன்றும் என்பதெல்லாம் கணக்கு. கயோட்டியின் உடல் நீளம் என்பதால் பொறியைக் குழியிலிருந்து இன்னும் சற்றுத் தள்ளி வைப்பார்கள். கலவையைத் தொட்ட கையுறையோடு பொறியைத் தொடக்கூடாது. தொட்டால் விலங்கு குழியை விட்டுவிட்டுப் பொறி இருக்கும் இடத்தைக் கிளறத் தொடங்கிவிடும்.

கனடாவின் பிரின்ஸ் ஆல்பர்ட் தேசியப் பூங்காவில் செந்நரிகளைப் பின்தொடர்ந்து கவனித்த டேவிட் ஹென்றி, 1977-இல் அருமையான ஒன்றை வெளியிட்டார். சாப்பிட ஏதும் இல்லாத, ஆனால் உணவு வாடை இன்னும் வீசுகிற இடங்களில் நரிகள் சிறுநீர் தெளிக்கின்றன. காலியான புதைகுழிகளிலும் அப்படியே. மறுபடி அந்தப் பக்கம் வரும்போது, தெளித்த இடத்தில் அதிக நேரம் செலவிடுவதில்லை. கணக்குப் பிள்ளை பேரேட்டில் ‘தீர்ந்தது’ என்று குறித்து வைப்பது போல. அப்படியென்றால், நிறைய ஊற்றினால் நிறைய நரி என்று குழிக்குள் சிறுநீரைக் கொட்டும் கற்றுக்குட்டி, ‘இங்கே ஒன்றுமில்லை, போய்விடு’ என்று தன் கையாலேயே எழுதிவைக்கிறார் என்று நான் நினைக்கிறேன்.

அந்தச் சிறுநீரில் என்னதான் இருக்கிறது? குளிர்காலச் செந்நரிச் சிறுநீரைப் பிரித்துப் பார்த்த வேதியியலாளர்கள், அதன் தனி வாடைக்குக் காரணமான கந்தகச் சேர்மங்களை 1978-இல் அடையாளம் காட்டினார்கள். பிறகு ஆய்வகத்தில் செய்த செயற்கைக் கலவையைக் காட்டில் வைத்தபோது, காட்டு நரிகள் வந்து அதன்மேல் தம் சிறுநீரைத் தெளித்தன. எதிரே நரியே இல்லை. சேர்மங்களுக்குத்தான் நரி பதில் எழுதியது.

அதே பத்தாண்டில் அமெரிக்க அரசின் ஆய்வாளர்கள் இன்னொரு வழியில் போனார்கள். ஓரிடத்தில் கயோட்டி எவ்வளவு இருக்கிறது என்று மதிப்பிட அவர்களுக்கு ஓர் உபாயம் வேண்டியிருந்தது. ஒரு மீட்டர் வட்டத்துக்கு மண்ணைச் சலித்துப் பரப்பி, நடுவில் வாடைப் பொருளை வைத்துவிட்டு, மறுநாள் காலையில் காலடித் தடங்களைப் பார்ப்பார்கள். மேற்கு மாநிலங்களில் 1972-இல் தொடங்கிய கணக்கெடுப்பு இது. முதலில் வைத்தது புளித்து அழுகிய முட்டை. ஒவ்வொரு முறை அழுகும்போதும் அதன் வாடை ஒவ்வொரு மாதிரி இருந்தது. ஆகவே அதைப் பிரித்து, கொழுப்பு அமிலங்கள், அழுகிய மீனுக்குக் கவுச்சி தரும் அமீன்கள், இன்னும் பல பொருள்கள் அதில் இருப்பதைக் கண்டார்கள். பின்னாளில் கொழுப்பு அமிலங்கள் ஊறிய சிறு வில்லைகளே கணக்கெடுப்புக்கு வந்துவிட்டன. இதில் எனக்குப் பிடித்த திருப்பம் வேறு: கயோட்டியை இழுக்கும் அதே முட்டை வாடை, மான்களை விரட்டுகிறது. பயிரை மேயும் மான்களுக்கு எதிராக அதை மருந்தாகவே விற்றார்கள். ஊன் உண்பவனுக்கு விருந்துச் சேதி, தழை உண்பவனுக்கு அபாயச் சேதி.

இழுப்பது மட்டும் போதாது என்பதை இந்த ஆய்வுகள் தெளிவாக்கின. வந்த விலங்கு என்ன செய்கிறது? ஒரு வாடைக்கு முகர்ந்துவிட்டு நகரும். இன்னொன்றுக்குக் கடித்து இழுக்கும். வேறொன்றுக்குத் தோளைத் தேய்த்துப் புரளும். கால்பொறிக்குப் புரள்வது ஆகாது. தோள் மோதிப் பொறி மூடிக்கொள்ள, பிடிபடுவது கொஞ்சம் மயிர்தான். எம்-44 என்னும் கருவிக்கோ கடித்து இழுத்தாக வேண்டும். இழுத்தவுடன் சோடியம் சயனைடை வாயில் பீச்சும் குழாய் அது. நரியா, வளர்ப்பு நாயா என்று அதற்குத் தெரியாது. 2017-இல் ஐடஹோ மாநிலத்தில் ஒரு சிறுவன் அறியாமல் அதைத் தொட, அவனோடு போன நாய் செத்தது. இப்படியொன்றை வெட்டவெளியில் நட்டுவைக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியதே எனக்கு வியப்பு.

காலமும் இடமும்கூடச் சேதியின் பகுதிதான். ஜனவரி, பிப்ரவரி இணைசேரும் பருவம். அப்போது சிறுநீரும் சுரப்பி நீரும் நன்றாக வேலை செய்யும். இலையுதிர் காலத்தில் தாய்வீட்டை விட்டுக் கிளம்பும் இளசுகளுக்கு உணவு வாடை போதும். பனியில் வாடை எழும்பாது என்பதால் கலவையில் கிளிசரின் சேர்த்து உறையாமல் வைப்பார்கள். ஸ்கங்க் நாற்றம் மட்டும் எந்தக் குளிரிலும் எழும். டெக்சாஸ் கயோட்டிகளை ஆராய்ந்தவர்கள் கண்டது இது: தன் எல்லைக்குள் இருக்கும் கயோட்டி எளிதில் சிக்குவதில்லை. வீட்டிலிருந்து விலகி அலைவதுதான் அதிகம் மாட்டுகிறது. பழகிய இடத்தில் நேற்று இல்லாத ஒரு பொருள் உடனே சந்தேகத்தைக் கிளப்பும். புது இடத்தில் எல்லாமே புதிது.

காலைக் கவ்வும் பொறிக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1995 முதல் தடை போட்டுவிட்டது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. ஆனால் வாடையின் இந்த அறிவு பொறியோடு முடிந்துவிடவில்லை. 1978-இல் சுவிட்சர்லாந்தின் ரோன் பள்ளத்தாக்கில், நரிகள் வழியே முன்னேறி வந்த வெறிநோயைத் தடுக்க, தடுப்பு மருந்து வைத்த கோழித் தலைகளைக் காட்டில் போட்டார்கள். வாடை பிடித்து வந்த நரிகள் தின்றன. நோய் நின்றது. 1999-இல் அந்த நாடு வெறிநோய் நீங்கிய நாடானது. தெற்கு டெக்சாஸில் கயோட்டிகளிடையே வெறிநோய் பரவியபோது, 1995 முதல் விமானங்களிலிருந்து மருந்து வைத்த இரைக்கட்டிகளைக் கொட்டினார்கள். நாய்களிடையே பரவும் வகை வெறிநோய் நாட்டில் இப்போது இல்லை என்று 2007-இல் அமெரிக்கா அறிவித்தது.