அயல் வளவு நாய்

நள்ளிரவில் அயல் வளவு நாய் குரைத்தால், நோயுற்ற என் தாயாருக்குப் பின்பு விடியும்வரை உறக்கமில்லை. பொலிஸில் முறையிட எண்ணினேன். ஆயின் கிணறு இரு வீட்டாருக்கும் பொது; மறுநாள் எந்த முகத்தோடு தண்ணீர் அள்ளுவது?

குரைக்கும் நேரங்களைச் சில நாள் குறித்துக்கொண்டு நேரிற் சென்றேன். கணவன் மனைவி இருவரும் உத்தியோகத்தர். நாயோ பகலெல்லாம் தனியே படலையருகிற் கட்டுண்டு கிடந்தது. இரவிலும் தெருவிற் கேட்கும் ஒவ்வொரு காலடிக்கும் குரைத்தது. அடித்தால் அடங்குமென்பர் சிலர்; அச்சங்கொண்ட நாய் மேலும் குரைக்குமேயன்றி அடங்காது. கட்டும் இடத்தைக் கோடிப்புறத்துக்கு மாற்றினர். மாலைதோறும் அரைமணி நேரம் உலாவ அழைத்துச் சென்றனர். குரைப்பு வெகுவாகக் குறைந்தது.

பேச்சுக்கு இணங்காத அயலவராயின், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபை உண்டு. நீதிமன்றப் படியேறுமுன் அங்கே செல்லலாம். எமக்கு அது வேண்டியிருக்கவில்லை. சேவல் கூவும் வேளையில் மட்டும் அந்நாய் இன்னும் குரைக்கிறது; அதற்குள் தாயாரும் விழித்துவிடுகிறார்.