உழைச்செல்வானும் படுக்கைப்புண்ணும்

வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு உழைச்செல்வானையும் சேர்த்து மருத்துவத்தை நாற்கூறாக வகுத்தார். 'உழை' என்பது பக்கம். பக்கத்திருந்து பணிபுரிபவனே உழைச்செல்வான். சத்திரசிகிச்சைக்குப்பின் தோன்றும் படுக்கைப்புண்ணை நோக்குமிடத்து, இந்நான்காங் கூற்றின் பெருமை நன்கு விளங்கும்.

நோயாளி அசைவின்றிக் கிடக்கும்போது எலும்புக்கும் படுக்கைக்குமிடையே தசை நசுங்குகின்றது. நுண்ணிய குருதிக்குழாய்கள் அடைபடுகின்றன. சில மணி நேரத்திலேயே தோலும் தசையும் அழியத் தொடங்குகின்றன. முதுகின் அடிப்பகுதி, இடுப்பெலும்பு, குதிக்கால், முழங்கை, பின்றலை ஆகியன முதலிற் பழுதுறுவன. ஈரமும், விரிப்பில் இழுபடுதலும், போசாக்கின்மையும் கேட்டினை விரைவுபடுத்தும்.

அறுத்த உடம்பை அசைக்கலாகாது எனச் சுற்றத்தார் அன்பினாற் கூறுவதுண்டு. ஓய்வு வேறு, அசைவின்மை வேறு. இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் 1944ஆம் ஆண்டு முள்ளந்தண்டிற் காயமுற்றோர்க்கெனத் தனிப்பிரிவு தொடங்கிய லுட்விக் குட்மன், அவர்களை இரவும் பகலும் இரண்டு மணிக்கொருமுறை திருப்பிக் கிடத்தச் செய்தார். படுக்கைப்புண்ணால் மாளுவரெனக் கைவிடப்பட்டோர் பலர் பிழைத்தெழுந்தனர்.

எமது வன்னிக்கு இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. 2009ஆம் ஆண்டு காயமுற்றோர் புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைக் குழுவினராற் கடல்வழியே திருகோணமலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அப்போரில் இடுப்பின்கீழ் உணர்விழந்தோர்க்குப் படுக்கைப்புண் ஆயுள் முழுதும் தொடரும் அச்சமாகும். நோவு தோன்றாமையால் புண்ணும் தெரிவதில்லை. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு வைத்தியசாலைகளிலிருந்து வீடு திரும்பும் நோயாளர்க்கு இல்லத்தாரே உழைச்செல்வார்.

அவர் செய்யத்தக்கன சில. வைத்தியர் தடுக்காதவிடத்து, இரண்டு மணிக்கொருமுறை நோயாளியைத் திருப்புக. இழுக்காது, இருவர் சேர்ந்து தூக்குக. கெண்டைக்காலின்கீழ்த் தலையணை வைத்துக் குதிக்கால் படுக்கையிற் படாது காக்க. விரிப்பு நனைந்தால் உடன் மாற்றுக. முட்டை, மீன், பருப்பு, பால் ஆகியவற்றுள் வைத்தியர் விலக்காதனவற்றை ஊட்டுக. நாடோறும் தோலைப் பார்க்க. கருநிறத் தோலிற் சிவப்பு எளிதிற் புலப்படாது. ஓரிடம் கறுத்தோ, வெம்மையுற்றோ, கடினமாகியோ இருப்பின் அதுவே முதற்குறி. அவ்விடத்தைத் தேய்த்தலும், காற்றடைத்த வளையத்தின்மேல் இருத்துதலும் தீங்கு பயக்கும். அவ்விடம் அழுந்தாவாறு கிடத்துக. தோல் உடைந்துவிடின், சாம்பலோ பச்சிலையோ அப்பாது, தூய துணியால் மூடித் தாமதியாது வைத்தியரிடம் காட்டுக.

இப்பணிக்குப் பட்டம் வேண்டுவதில்லை. பொறுமையும் கடிகாரமும் போதும். எம் மாணவரும் பழைய மாணவரும் இதனைக் கற்றுத் தத்தம் ஊர்களிற் பிறர்க்கும் உணர்த்துவாராக.