ரிசப்ஷனில் பாட்டு போடப் போகிறீர்களா?

புதிதாக லேப்டாப் வாங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் உறவில் அடுத்து வரும் கல்யாணத்தில், "பாட்டு போடுவது உன் பொறுப்பு" என்று சொல்லிவிடுவார்கள். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. வாரநாட்களில் சாஃப்ட்வேர் எழுதுகிறேன். சனி, ஞாயிறுகளில் திருச்சி காட்டூர், திருவெறும்பூர் பக்கம் ரிசப்ஷன்களில் டீஜே.

என் முதல் ரிசப்ஷன் காட்டூரில், தஞ்சாவூர் சாலையை ஒட்டிய ஒரு மண்டபத்தில். மணப்பெண் என் சித்தப்பா மகள். சித்தப்பா அதற்கு இரண்டு வருடம் முன்பே காலமாகிவிட்டார். ஹார்டு டிஸ்க்கில் இருந்த எம்பி3 ஃபைல்கள் அனைத்தையும் பிளேயரில் போட்டு, 'ஷஃபிள்' பட்டனை அழுத்திவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிடப் போய்விட்டேன். மணமக்கள் மேடை ஏறும் நேரம் பார்த்து, 'ட்ராக் 07' என்ற ஃபைல் ஓட ஆரம்பித்தது. அப்பாவை இழந்த மகள் பாடும் சோகப் பாட்டு! முதல் வரிசையில் இருந்த சித்தி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். வாசலில் விருந்தினரை வரவேற்றுக்கொண்டிருந்த பெரியப்பா ஓடி வந்து, "தம்பி, நிறுத்துப்பா" என்றார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பாட்டின் அர்த்தம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. வீட்டின் நிலைமையும் தெரியாது. இரண்டையும் தெரிந்துகொள்ள வேண்டியவர் நீங்கள்தான். எனவே முதல் வேலை, வீட்டுப் பெரியவர்களிடம் "என்னென்ன பாட்டு வேண்டாம்?" என்று கேட்பது.

அடுத்து, ஃபைல்களுக்குச் சரியான பெயர் கொடுங்கள். ஃபைலைத் தேர்வு செய்து எஃப்2 கீயை அழுத்தினால் பெயரை மாற்றலாம். தமிழிலேயே டைப் செய்யலாம். பிறகு நான்கு ஃபோல்டர்கள் உருவாக்குங்கள்.

1. வாசல்: சந்தனம், கற்கண்டு, பன்னீருடன் வரவேற்கும் நேரம். வீணை, புல்லாங்குழல் போதும். நாதஸ்வரம் நேரில் வாசிக்கிறார்கள் என்றால், அவர்கள் முடிக்கும்வரை உங்கள் பிளேயர் மௌனமாக இருக்கட்டும்.

2. மேடை: விருந்தினர் வரிசையில் வந்து, மொய்க் கவர் கொடுத்து, போட்டோ எடுக்கும் நேரம். மெல்லிய பாடல்கள்.

3. பந்தி: பழைய பாடல்கள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க" என்ற உபசரிப்பு காதில் விழ வேண்டும்.

4. ஆட்டம்: பெரியவர்கள் தாம்பூலப் பை வாங்கிக் கிளம்பிய பிறகு, இளைஞர்களுக்காக.

நான்கு நிமிடப் பாட்டு ஒன்று, 320 கேபிபிஎஸ் தரத்தில் சுமார் 10 எம்பி இருக்கும். 100 பாடல்கள் 1 ஜிபிக்குள் அடங்கும். ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்து இன்டர்நெட்டை நம்ப வேண்டாம்.

இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி பிளேயரே ஆரம்பத்துக்குப் போதும். ஷஃபிள் வேண்டாம். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் பாட்டு நிற்கும், அவசரத்துக்கு உதவும். பாட்டுக்குப் பாட்டு இடைவெளி இல்லாமல் இணைக்க ஆசைப்பட்டால் மிக்ஸ் என்ற இலவச டீஜே சாஃப்ட்வேர் இருக்கிறது.

மண்டபத்துக்குக் கிளம்பும் முன், விண்டோஸ் செட்டிங்ஸில் ஸ்லீப் நேரத்தை 'நெவர்' என்று வையுங்கள். நோட்டிஃபிகேஷன்களை நிறுத்துங்கள். சவுண்ட் ஸ்கீமில் 'நோ சவுண்ட்ஸ்' தேர்வு செய்யுங்கள். இல்லாவிட்டால் ஈமெயில் வந்த 'டிங்' சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்கும். சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் இரைச்சல் வந்தால், அதைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்.

சத்தத்துக்கு என் அளவுகோல் ஒன்றே. மேடை ஓரத்தில் நில்லுங்கள். மணமக்களிடம் ஒரு பாட்டி சொல்லும் வாழ்த்து உங்கள் காதில் விழுகிறதா? விழாவிட்டால் குறையுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, பொதுவாக இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பதையும் மறக்க வேண்டாம்.

கல்யாணத்தில் பாட்டு போட லைசென்ஸ் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, திருமணத்துக்கும் அதைச் சார்ந்த கொண்டாட்டங்களுக்கும் விலக்கு அளிக்கிறது. 2023-இல் மத்திய அரசும் இதை ஓர் அறிவிப்பில் தெளிவுபடுத்தியது.

சில வருடம் கழித்து சித்தி மகனுக்கும் ரிசப்ஷன் வந்தது. சித்தி என்னையே கூப்பிட்டார். பாட்டு லிஸ்ட்டை நீட்டினேன். படித்துவிட்டு, கடைசியில் தன் கையால் ஒரு பாட்டை எழுதிக் கொடுத்தார். "உங்க சித்தப்பாவுக்குப் பிடிச்சது. பந்தி நேரத்துல போடுப்பா" என்றார்.

மூன்றாவது ஃபோல்டரில், முதல் பாட்டாக வைத்தேன்.